எடுத்து வைத்த பாதி

வல்லூறு என்று அந்த மின்சாரக் காருக்குப் பெயர் வைத்தவர்கள், அது எவ்வளவு தூரம் பறக்கும் என்பதை மட்டும் விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். காகிதத்தில் நானூற்று ஐம்பது கிலோமீட்டர். மிதிப்பதற்குத்தானே ஸ்போர்ட்ஸ் கார் என்று ஆசைப்பட்டு மிதித்தால் இருநூறு. மலை ஏறினால் அதுவும் கிடையாது. வந்த புதிதில் வல்லூறு வாங்கியவர்களில் பாதிப் பேர் ஊருக்குத் திரும்பியது இழுவை வண்டியின் முதுகில்தான். கோயம்புத்தூர்க்காரர்கள் அதற்குக் 'கோழி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கொஞ்சம் பறக்கும், அப்புறம் நடக்கும்.

அந்தக் கெட்ட பெயரைத் துடைத்தவள் பூங்கோதை. கம்பெனியில் தூரக் கணக்குப் பிரிவுக்குத் தலைமை. பெரிய பேட்டரி வைத்தால் காரின் எடை கூடும், எடை கூடினால் அது ஸ்போர்ட்ஸ் காரே இல்லை என்று எல்லோரும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, அவள் பேட்டரியைத் தொடவே இல்லை. திரும்பி வர வேண்டிய வண்டி, வருவதற்கான மின்சாரத்தைப் போகும்போதே தனியாக ஒதுக்கிவிட வேண்டும் என்றாள். இன்னும் வீடு வராதவருக்குச் சோற்றை எடுத்து வைக்கிறோமே, அதுபோல. அந்த வசதிக்கு 'எடுத்துவைப்பு' என்று அவள் விளையாட்டாகச் சொன்ன பெயரே நிலைத்துவிட்டது.

சிக்கல் என்னவென்றால், எங்கே போகிறோம், எப்போது வருவோம் என்று காரிடம் யாரும் சொல்வதில்லை. கேட்டால் எரிச்சலாகி ஏதோ ஒன்றை அமுக்கிவிட்டுப் போவார்கள். ஆனால் வாய் திறக்காமல் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர்கள் குறைவு. அதனால் வல்லூறு காது கொடுத்துக் கேட்டது. ஏறும்போது கதவருகே சொல்வது, ஏறியபின் போனில் சொல்வது. திரும்பி வருகிறவர் என்று தெரிந்தால் பாதியை எடுத்து வைக்கும். அப்போது எவ்வளவு மிதித்தாலும் வண்டி மரியாதையாகத்தான் போகும். ஒருவழிப் பயணம் என்று தெரிந்தால் இருக்கிற பலம் அத்தனையையும் காலடியில் கொடுத்துவிடும்.

இதற்காகப் பூங்கோதையும் அவள் தோழி நஸீமாவும் நாற்பதாயிரம் விடைபெறல்களைச் சேகரித்தார்கள். போயிட்டு வர்றேன், போயிட்டு வந்துடறேன், இதோ வந்துட்டேன், கதவைச் சாத்திக்க. கோபத்தில் சொல்கிற 'போறேன்' ஒன்றை மட்டும் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று ஒரு வாரம் சண்டை போட்டார்கள். அப்படிச் சொன்னவர்களில் முக்கால்வாசிப் பேர் சாயங்காலமே வந்துவிட்டார்கள் என்பதால் அதற்கும் பாதியை எடுத்து வைப்பது என்று முடிவானது.

நாற்பது நாளைக்கு முன்னால் பூங்கோதையின் கணவர் ஈஸ்வரமூர்த்தி அந்தக் காரில்தான் இறந்துபோனார். திம்பம் மலைப்பாதையில், ஒன்பதாவது வளைவில், மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை.

* * *

"வண்டில குறையில்லம்மா," என்றார் டைரக்டர் வரதன். விசாரணை அறிக்கையை அவள் பக்கம் நகர்த்தாமல் தன் கைக்கடியிலேயே வைத்திருந்தார். "பிரேக், டயர், மோட்டார் எல்லாம் பிரிச்சுப் பாத்தாச்சு. வளைவுல முழுசா மிதிச்சிருக்கார். வண்டி முழு பலத்தையும் கொடுத்திருக்கு."

"முழு பலம் எப்படி சார் கொடுக்கும்? மேல காட்டுக்குள்ள சார்ஜரே கூடாதுன்னு தடை இருக்கு. போக நூத்திப்பத்து, வர நூத்திப்பத்து. பாதியை எடுத்து வெச்சிருக்கணும்."

வரதன் கண்ணாடியைக் கழற்றினார். நல்ல மனிதர். கெட்ட செய்தி சொல்லும்போது எதிரில் இருப்பவரின் முகம் தெளிவாகத் தெரிய வேண்டாம் என்று நினைப்பவர்.

"எடுத்து வைக்கல. ஒருவழின்னு பதிவாகியிருக்கு. 'பேச்சின்படி'ன்னு போட்டிருக்கு. அதாவது அவர் வாயால சொன்னதை வெச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "பின் சீட்டுல ஒரு பையும் இருந்ததும்மா. மாத்துத் துணியோட."

நாலு சட்டை. போலீஸ் பையைத் திருப்பிக் கொடுத்த அன்றே அவள் எண்ணிப் பார்த்திருந்தாள்.

"கமிட்டி நாளைக்குக் கூடி இதை முடிச்சுடும். உங்க மேலயோ நம்ம மேலயோ எந்தத் தப்பும் இல்லை. இதுல உங்களுக்கு ஆறுதல் எதுவும் இல்லைன்னு எனக்குத் தெரியும்."

ஆறுதல் எங்கிருந்து வரும். ஈஸ்வரமூர்த்தி மலைமேல் தாளவாடியில் கால்நடை மருத்துவர். தினமும் மலை ஏறி இறங்கி அலுத்துப்போனவர். மேலேயே குவார்ட்டர்ஸ் தருகிறார்கள், வந்துவிடு என்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். என் வேலையை மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்தா பார்ப்பது என்று ஒருநாள் அவள் சொல்லிவிட்டாள். சொல்லியிருக்கக் கூடாது. "செரி, அப்ப நான் மட்டும் போயி இருந்துக்கறேன்," என்றார் அவர். "இருந்துக்குங்க, ஆரு வேண்டான்னாங்க," என்றாள் அவள். அதன்பிறகு மூன்று நாள் அந்த வீட்டில் பேச்சே இல்லை. தட்டு வைக்கிற சத்தமும் குழாய்ச் சத்தமும்தான்.

நாலாம் நாள் காலை அவருடைய ஜீப் பட்டறையில் இருந்தது. கம்பெனி பூங்கோதைக்குக் கொடுத்திருந்த வல்லூறு அடுத்த தெரு சார்ஜ் நிலையத்தில் நின்றது. அவர் அதன் சாவி அட்டையை எடுத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் படி இறங்கிப் போனார். ஏழு பத்துக்கு அவள் போன் அடித்தது. திரையில் அவர் பெயர். வாயால் சொல்ல வக்கில்லாமல் போனில் சொல்கிறாரா என்று அதைப் பார்த்துக்கொண்டே தோசையைத் திருப்பினாள். அடித்து அடித்து நின்றது. ஒன்பது மணிக்கு வேறொருவர் கூப்பிட்டார்.

எடுக்காமல் விட்ட அந்த அழைப்பு இன்னும் அவள் போனில் சிவப்பாக இருந்தது. நாற்பது நாளாக அவள் தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். அவர் என்னை விட்டுவிட்டுத்தான் போனாரா? இப்போது கார் அதற்குப் பதில் சொல்லிவிட்டது. அதுவும் அவள் கற்றுக்கொடுத்த கார்.

"குரல் இருக்குமே சார்," என்றாள். "விபத்துன்னா கிளம்பும்போது பேசினதை அழிக்காம வெச்சிருக்கும்."

"நாப்பத்தஞ்சு நாள் இருக்கும். நெருங்கின சொந்தக்காரங்க மட்டும் கேக்கலாம். நாங்க யாரும் கேக்கல, கேக்கவும் முடியாது." வரதன் தயங்கினார். "கேக்கணுமாம்மா?"

* * *

"கேக்காதடி," என்றாள் நஸீமா.

கான்டீனில் இரண்டு டீ ஆறிக்கொண்டிருந்தது. நஸீமா ஒன்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள், குடிக்கவில்லை.

"அண்ணன் கோவத்துல என்னமோ சொல்லியிருப்பாரு. இனி வரலன்னு சொல்லியிருப்பாரு. கோவத்துல சொல்றது கணக்கா? நாமதானே ஒரு வாரம் அதுக்குச் சண்டை போட்டோம். இருந்திருந்தா மறுநாளே வந்து நின்னிருப்பாரு. ஆனா அந்தக் குரலைக் கேட்டுட்டேன்னு வெய்யி, அது உன் காதுலயே இருக்கும். சாகற வரைக்கும்."

"இப்ப மட்டும் இல்லையா. தினமும் நானே ஒண்ணு ஒண்ணாச் சொல்லிப் பாத்துட்டுதான் இருக்கேன். ஒருநாளைக்கு, போறேண்டி. ஒருநாளைக்கு, நீயே ராசாத்தியா இருந்துக்கோ. அவரு என்ன சொன்னாருன்னு தெரிஞ்சா மத்ததெல்லாம் நிக்குமில்ல."

"நல்லதா இல்லாட்டி?"

"அவரு சொன்னதாவது இருக்கட்டும்."

ஆறின டீயை நஸீமாவே இரண்டையும் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்தாள்.

"அந்த வளைவுதான் எனக்குப் புரியல," என்றாள் திரும்பி உட்கார்ந்து. "அண்ணன் வேகமா ஓட்டற ஆளே இல்லையே."

இல்லைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் வல்லூறில் மலைக்குப் போவார்கள். பூங்கோதை கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மேல்மாடி வீட்டம்மாவிடம், "போயிட்டு வந்துடறோங்க, பாலை மட்டும் வாங்கி வையுங்க," என்பாள். கார் உடனே பாதியை எடுத்து வைத்துவிடும். திம்பத்தில் ஈஸ்வரமூர்த்தி மிதியைத் தரையோடு அழுத்துவார். வண்டி சாதுவாக ஏறும். "இதுக்குப் பேரு ஸ்போர்ட்ஸ் காராம். என்ற ஜீப்பே தேவலை புள்ள," என்று சிரிப்பார். அவருக்குத் தெரிந்த வல்லூறு அது ஒன்றுதான்.

* * *

குரல் கேட்கிற அறையில் ஒரு நாற்காலியும் ஒரு மேசையும் இருந்தன. சட்டப்படி தனியாகத்தான் கேட்க வேண்டும். நஸீமா கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள். பூங்கோதை ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு பொத்தானை அமுக்கினாள்.

முதலில் கார்க் கதவு சாத்துகிற சத்தம். பையைப் பின்னால் போடுகிற சத்தம். தொண்டையைச் செருமினார். பீடியை விட்டுப் பத்து வருடமாகியும் அந்தச் செருமல் மட்டும் அவரை விடவில்லை. அந்த ஒரு செருமலிலேயே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இருந்தாலும் நிறுத்தவில்லை.

பிறகு மணி அடித்தது. அவர் கூப்பிட, அந்தப் பக்கம் அவளுடைய போன் அடிப்பது காருக்குள் கேட்டது. ஒரு தரம், இரண்டு தரம். எடு, எடுடி என்று நாற்காலியில் இருந்தவள் தோசைக் கல்லருகே நின்றவளைக் கெஞ்சினாள். எட்டு தரம் அடித்து நின்றது.

"எடுக்க மாட்ட," என்றார் ஈஸ்வரமூர்த்தி. கோபமாக இல்லை. அடம்பிடிக்கிற கன்றுக்குட்டியிடம் அவர் பேசுகிற குரல் அது. கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.

"செரி புள்ள. வர்றேன்."

வண்டி கிளம்புகிற மெல்லிய ரீங்காரம். அவ்வளவுதான்.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். உடம்பெல்லாம் பரவுகிற அசல் சந்தோஷம். போறேன் என்று சொல்லவில்லை. இனி வரலை என்று சொல்லவில்லை. எடுக்காத போனிடம்கூடச் சொல்லிக்கொண்டுதான் போயிருக்கிறார். நாலு சட்டை என்றால் நாலு நாள், அவ்வளவுதான். அஞ்சாம் நாள் வந்திருப்பார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெளியே நின்ற நஸீமா பயந்துபோய்க் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள்.

"வர்றேன்னுதான் சொன்னாரு," என்றாள் பூங்கோதை. "நஸீமா, வர்றேன்னு சொல்லிட்டுதான் போயிருக்காரு."

"அல்லாவே. நான்தான் சொன்னேன்ல." நஸீமாவும் அழுதுகொண்டே சிரித்தாள். அப்புறம் அவள் முகம் மாறியது. "அப்ப ஏன் ஒருவழின்னு போட்டுச்சு?"

கேட்டு முடிப்பதற்குள் இருவருக்குமே தெரிந்துவிட்டது.

தமிழில்தான் இந்த வேடிக்கை. வீட்டைவிட்டுப் போகிறவர், போகிறேன் என்று சொல்வது அபசகுனம் என்று, வருகிறேன் என்பார். கால் வெளியே போகும், வாய் உள்ளே வரும். அதைச் சொல்கிறோம் என்ற நினைவே யாருக்கும் இருக்காது. 'போயிட்டு வர்றேன்' என்று முழுசாகச் சொன்னதையெல்லாம் அவர்கள் ஒழுங்காகத்தான் கற்றுக்கொடுத்திருந்தார்கள். தனியாக நிற்கிற 'வர்றேன்' வந்தபோது, அதுவும் காரில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்கிற 'வர்றேன்' வந்தபோது, பூங்கோதைக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தினமும் சாயங்காலம் பண்ணாரியில் மலை இறங்கியதும் ஈஸ்வரமூர்த்தி கூப்பிடுவார். "வர்றேன் புள்ள, தண்ணி காய வெய்யி." அவளே அந்த அழைப்புகளில் இருபதைச் சேகரிப்பில் போட்டாள். நஸீமா கேலி செய்ததும் நினைவிருக்கிறது. வீட்டு ஆளின் எண்ணுக்குப் போன், 'வர்றேன்' என்ற வார்த்தை, இரண்டும் சேர்ந்தால் ஆள் வீடு திரும்புகிறார். வீட்டுக்கு வருகிறவருக்கு எதை எடுத்து வைப்பது? ஒருவழி.

"வீட்டைத் தாண்டிப் போனப்பவாவது அதுக்குச் சந்தேகம் வந்திருக்கணுமே," என்றாள் நஸீமா மெதுவாக. "வரைபடம் இருக்குல்ல."

"நான்தான் வேண்டாம்னேன். வீட்டுக்கு வர்றவங்க வழில கறிவேப்பிலை வாங்க நாலு தெரு சுத்துவாங்க, வரைபடத்தைப் பாக்காத, பேச்சை நம்புன்னு எழுதி வெச்சேன்." பூங்கோதை காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "அது என்னை நம்புச்சு. அவரு வண்டியை நம்புனாரு. ஞாயித்துக்கிழமை மிதிக்கிற மாதிரி மிதிச்சிருக்காரு நஸீமா. எப்பவும் மிதிக்கிற மாதிரி."

நஸீமா அவளைக் கட்டிக்கொண்டாள். பூங்கோதை கொஞ்ச நேரம் கழித்துத்தான் அழுதாள். அழுகை வந்தபோது அது நாற்பது நாளாக அழுத அழுகையாக இல்லை. அவர் விட்டுப் போகவில்லை. அவள்தான் கொன்றுவிட்டாள். இரண்டில் எதைத் தாங்குவது என்று நேற்றுவரை யாராவது கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. இன்றைக்குத் தெரிந்தது. இதைத்தான்.

* * *

"எழுதித்தான் ஆகணுமாம்மா?" என்றார் வரதன். அவள் கொண்டுவந்த தாளை அவர் இரண்டு முறை படித்திருந்தார். "யாருக்கும் தெரியாது. அந்தக் குரலை உங்களைத் தவிர யாரும் கேக்க முடியாது. இன்னும் அஞ்சு நாள்ல அதுவே அழிஞ்சுடும்."

"ஆயிரத்து இருநூறு வண்டி ரோட்டுல ஓடுது சார். ஒவ்வொரு வீட்லயும் ஆராவது ஒருநாள் கோவிச்சுட்டு போனை எடுக்காமத்தான் இருப்பாங்க."

வரதன் கண்ணாடியைக் கழற்றப் போனவர், கழற்றாமல் கையை இறக்கினார்.

"உங்க பேரை மட்டும் போட்டிருக்கீங்க. நஸீமாவும் கையெழுத்துப் போட்டவங்கதானே."

"அவ சேகரிச்சா. அர்த்தம் சொன்னது நான்."

அவர் அந்தத் தாளை வாங்கித் தன் அறிக்கையின் மேல் வைத்தார். கமிட்டி மறுநாள் கூடியது, ஆனால் முடிக்கவில்லை. அன்றே எல்லா வண்டிகளுக்கும் செய்தி போனது: மறு அறிவிப்பு வரும்வரை யார் என்ன சொன்னாலும் பாதியை எடுத்து வை.

திருத்தம் எழுத நாலு நாள் ஆனது. பூங்கோதையை வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப் போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். திருத்தத்தை முடிக்கும்வரை விட்டு வைத்தார்கள். அதை எழுதத் தெரிந்தவர் வேறு யாருமில்லை. ஒரு வார்த்தைதான். ஆனால் அதன் முன்னாலும் பின்னாலும் இருப்பதையெல்லாம் பார்க்க வேண்டும். தண்ணி காய வெய்யி என்று தொடர்ந்தால் வருகிறார். தொடராமல் நின்றுபோனால் போகிறார், பாதியை எடுத்து வைக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் யாரும் எடுக்காவிட்டால் கண்டிப்பாகப் போகிறார் என்று ஒரு வரி எழுதினாள். அதைத் தொழில்நுட்பக் காரணமாக எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டாள்.

நாலாம் நாள் காலை, கம்பெனி சோதனைத் தளத்தில் திருத்தம் ஏற்றிய ஒரு வெள்ளை வல்லூறு நின்றது. நஸீமா ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். பூங்கோதை முப்பதடி தள்ளி ஒரு கூரைக்கடியில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இருபத்தேழு விதமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். இருபத்தாறு முடிந்து எல்லாம் சரியாக வந்திருந்தது. கடைசியை நஸீமா வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளியிருந்தாள்.

"இதை நான் எடுக்காம இருக்கணும்," என்று பூங்கோதை தளத்தின் குறுக்கே குரல் கொடுத்தாள். "எட்டு தரம் அடிக்க விட்டுட்டு அப்புறம் சொல்லு."

நஸீமா தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

போன் அடித்தது. திரையில் நஸீமாவின் பெயர். ஒரு தரம் அடித்தது. இரண்டாம் தரம் அடிக்கத் தொடங்கும்போதே பூங்கோதையின் கட்டைவிரல் அதை எடுத்துவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை. நிறுத்த முடியவில்லை.

அந்தப் பக்கம் நஸீமா கொஞ்சம் திகைத்தாள். ஆனாலும் எழுதி வைத்திருந்ததைச் சொன்னாள்.

"செரி. வர்றேன்."

கூரைக்கடியில் நின்றவள் சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். நஸீமாவை அவள் கல்லூரியில் பார்த்த முதல் நாளிலிருந்தே வா, போ என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

"செரிங்க," என்றாள் பூங்கோதை. "பாத்துப் போயிட்டு வாங்க."

காருக்குள் நஸீமாவுக்கு முன்னால் திரையில் ஒரு சின்ன விளக்கு பச்சையாக எரிந்தது. வண்டி பாதியை எடுத்து வைத்திருந்தது.